எச்சரிக்கையின் வாயை அடைத்தல்

கணினிக்குக் கட்டளை எழுதப் பயன்படும் மொழிகள் பலவற்றுள் ‘சி’ என்னும் மொழி, எழுதுபவனை முற்றும் நம்பிவிடும் இயல்புடையது. இதனை நாம் புகழ்ச்சியாகக் கூறவில்லை. எழுதியவன் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதனால் விளையும் கேட்டிற்குத் தான் பொறுப்பன்று என்று ஒதுங்கி நிற்பது அதன் வழக்கம். 1972-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி என்பார் இம்மொழியை ஆக்கினார். அவரும் பிரையன் கெர்னிஹன் என்பாரும் கூடி எழுதிய சிறு நூல் 1978-இல் வெளிவந்தது. அரை நூற்றாண்டு கடந்தும், கணினிகளின் உட்கருவும், துணி வெளுக்கும் பொறிக்குள் இருக்கும் சிறு சில்லும் பெரும்பாலும் இம்மொழியாலேயே இயங்குகின்றன.

தோட்டத்துக் கிராணிக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். பகலில் செக்ரோலும் சம்பளக் கணக்குமாக இருப்பவர் நாம். இரவில் இம்மொழியைப் பயின்றோம். ஆங்கிலப் பள்ளியிற் படித்தவராதலின் இத்துறை நூல்கள் நமக்கு எளிதில் எட்டின. அவ்வாய்ப்புப் பெறாத தோழர்களின் பிள்ளைகள் பலர் இன்று பினாங்கிலும் பிற நகரங்களிலும் மின்னணுத் தொழிற்சாலைகளில் இம்மொழியோடு நாள்தோறும் மல்லுக்கு நிற்கின்றனர். அவர்களுள் ஒருவருக்கேனும் பயன்படுமாயின் நல்லது என்று கருதியே இதனைத் தமிழில் எழுதத் துணிந்தோம்.

‘பிரிண்ட்எஃப்’ என்று ஒரு செயற்கூறு சி மொழியில் உண்டு. எதையேனும் அச்சிட வேண்டுமானால் அதனை அழைக்க வேண்டும். அழைக்கும்போது முதலில் ஒரு வாசகத்தைக் கொடுக்கிறோம். அவ்வாசகத்தின் நடுவே, இங்கே ஒரு முழு எண் வரும், அங்கே ஒரு பெயர் வரும் என்று சதவீதக் குறியிட்டு இடம் விடுகிறோம். %டி என்றால் கூட்டலும் கழித்தலும் ஆகக்கூடிய முழு எண். %யூ என்றால் கழித்தல் இல்லாத எண். %எஸ் என்றால் எழுத்துகளின் தொடர். இவ்வாசகத்தை ‘பார்மேட் ஸ்ட்ரிங்’ என்பர். நாம் இங்கு ‘அமைப்புச் சரம்’ என்று வழங்குவோம். சரத்தை அடுத்து, விடப்பட்ட இடங்களில் வரவேண்டிய மதிப்புகளை வரிசையாகத் தருகிறோம்.

கேடு பிறக்கும் இடம் இதுவே. தன்னிடம் வந்தடைந்த மதிப்புகள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது என்று பிரிண்ட்எஃப் அறியாது. அதற்குச் சரம் சொன்னதே வேதவாக்கு; ஆராய்ந்து பார்க்கும் வழக்கம் அதற்கு அறவே இல்லை. நான்கு பைட் அளவுள்ள எண்ணைக் கொடுத்துவிட்டு, சரத்தில் இரண்டு பைட் என்று குறித்துவிட்டால், அது இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மிஞ்சிய இரண்டையும் அடுத்த மதிப்பென்று எண்ணி அடுத்த இடத்தில் அச்சிடும். கணக்கேட்டில் பத்தியின் தலைப்பு ‘கிலோ’ என்றும் பத்திக்குள் எழுதியிருப்பது டன் என்றும் இருந்தால் என்ன ஆகும் என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. தலைப்பை மட்டும் பார்த்துக் கூட்டும் கணக்கனே பிரிண்ட்எஃப்.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. ‘இன்ட்’, ‘லாங்’ என்னும் எண் வகைகளின் அளவு இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். பழைய பிடிபி-11 இயந்திரத்திலும், இன்று பலவகைப் பொறிகளில் இருக்கும் சிறு ஏவிஆர் சில்லுகளிலும் இன்ட் என்பது 16 பிட். மேசைக் கணினியில் அது 32 பிட். லாங் என்பது அச்சிறு சில்லுகளில் 32 பிட். 64-பிட் லினக்ஸில் 64. 64-பிட் விண்டோஸில் மீண்டும் 32. ஊருக்கு ஒரு படி, நாட்டுக்கு ஒரு மரக்கால் வைத்து அளந்த பழங்காலம் இத்துறையில் இன்னும் முடியவில்லை.

நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலர்கள் இக்கேட்டை ஓரளவு கண்டுகொள்ளும். ஜிசிசி, கிளாங் ஆகியவற்றை உரிய தெரிவுடன் இயக்கினால், அவை சரத்தையும் மதிப்புகளையும் ஒப்பிட்டு, ஒவ்வாதவிடத்து எச்சரிக்கை விடுக்கும். இது பெரிய உதவியே. ஆனால் அவ்வெச்சரிக்கை சொல்வது யாது? ‘இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை’ என்பது மட்டுமே. இரண்டில் பொய்யுரைப்பது எது என்று அது சொல்லாது. அதற்குத் தெரியவும் தெரியாது. ஆகையால் எச்சரிக்கையைப் போக்கும் திருத்தம் ஒன்று நம் முன் வைக்கப்படுமாயின், எச்சரிக்கை போயிற்றா என்று கேட்பது பரிசீலனை ஆகாது. அதனைக் கம்பைலரே சொல்லிவிடும். அதற்கு ஒரு மனிதன் எதற்கு?

நிற்க. நமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்வோம்.

நாம் அறிந்த ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலைகளை நிறுக்கும் மேடையில் ஒரு சிறு கருவி பொருத்தினார்கள். பொருத்தியவர் யார் என்பது இங்கு வேண்டா. வெட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் தள்ளுவண்டியில் கொண்டுவரும் குலைகளை அது நிறுத்து, அன்றைய மொத்தத்தோடு கூட்டி, மாலையில் ஆளுக்கு ஒரு சீட்டு அச்சிடும். சீட்டில் முதலில் மொத்த எடை, அடுத்து ஆளின் எண். எடை பத்துக் கிராம் அலகில் விழும். அலுவலகத்துக் கணக்கு நிரல் அதனைக் கிலோவாக மாற்றிக்கொள்ளும். வெட்டுக்காரருக்கு எடைக்கேற்பக் கூலி. இன்று அவ்வேலையில் இருப்போருட் பெரும்பாலார் இந்தோனேசியரும் வங்காள தேசத்தாரும் ஆவர், நம்மவர் சிலரே. சீட்டில் விழும் எண்ணை எதிர்த்து வாதாட மொழியும் அறியாதவர்கள் பலர்.

சோதனைக்காக இயக்கிய முதல் நாளே சீட்டில் ஆள் எண் எல்லோருக்கும் பூச்சியம் அல்லது ஒன்று என்றே விழுந்தது. பிழை இருப்பது வெட்டவெளிச்சமாயிற்று. டிராக்டர் ஓட்டுநர் ஒருவரின் மகன், பாலிடெக்னிக்கில் பயிலும் வாலிபர், நிரலைத் திருத்த முன்வந்தார். அவர் செய்யும் திருத்தங்களைப் பரிசீலிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது.

பிழை நாம் மேலே கூறிய வகையினதே. மொத்த எடை 32 பிட் எண். சில்லில் இன்ட் 16 பிட். நிரலை எழுதியவர் சரத்தில் இரண்டு இடத்திலும் %யூ என்றே போட்டிருந்தார். ஆகவே முதல் %யூ எடையின் கீழ்ப் பாதியை எடுத்தது. இரண்டாம் %யூ, ஆள் எண்ணுக்குப் பதிலாக, எடையின் மேற்பாதியை எடுத்தது. அம்மேற்பாதியே பூச்சியமாகவும் ஒன்றாகவும் சீட்டில் காட்சியளித்தது.

வாலிபர் அனுப்பிய முதல் திருத்தம் ஒரே சொல்தான். எடையை அச்சுக்குத் தருமுன் அதனை இன்ட் அளவுக்கு மாற்றித் தரும்படி எழுதியிருந்தார். “ஐயா, எச்சரிக்கை போய்விட்டது. ஆள் எண்ணும் சரியாக விழுகிறது” என்று குறிப்பும் இருந்தது. இரண்டும் உண்மையே.

“தம்பி, 1,200 கிலோ கொண்டுவந்தவருக்குச் சீட்டில் என்ன விழும்?” என்று மட்டும் எழுதி அனுப்பினோம்.

கணக்கு இதுதான். பதினாறு பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 65,535. பத்துக் கிராம் அலகில் அது 655 கிலோ 350 கிராம். அதற்கு மேற்பட்ட எடையில் 65,536 என்பது கழிந்துவிடும். 600 கிலோ கொண்டுவந்தவருக்கு 60,000 என்று ஒழுங்காக விழும். 1,200 கிலோ கொண்டுவந்தவருக்கு 1,20,000 விழவேண்டிய இடத்தில் 54,464 விழும். அதாவது 544 கிலோ 640 கிராம். இருமடங்கு சுமந்தவர் பாதி சுமந்தவரைவிடக் குறைந்த கூலி பெறுவார்!

இதில் நாம் அஞ்சியது தொகையை மட்டும் அன்று. 544 கிலோ என்பது நம்பத்தக்க எண். வெட்டுக்காரர் ஒருவர் ஒரு நாளில் வெட்டக்கூடிய எடையே அது. அதனைப் பார்த்து அலுவலகத்தில் எவரும் புருவம் உயர்த்தமாட்டார். சோம்பியவன், இன்று குறைவாக வெட்டினான் என்றே கொள்வர். திருத்தத்திற்கு முன் அப்பிழை எல்லார் காதிலும் விழும்படி கூச்சலிட்டது. அத்திருத்தத்தை ஏற்றிருந்தால் வாய் திறவாமல் திருடியிருக்கும். அதுவும், மிகுதியாக உழைத்தவரிடம் மட்டும். எச்சரிக்கையும் இல்லை, ஆள் எண்ணும் சரி என்றான பிறகு அந்த வரியை மீண்டும் திறந்து பார்ப்பவர் யார்?

வாலிபர் அறிவுடையவர். மறுநாள் இரண்டாம் திருத்தம் வந்தது. மாற்றத்தை நீக்கிவிட்டு, சரத்தில் %எல்யூ என்று எழுதியிருந்தார். லாங் அளவுள்ள எண் என்பது அதன் பொருள். சில்லில் லாங் 32 பிட்டாதலின் அங்கு அது முற்றும் சரி. ஆயின் அதே நிரலை அவர் தம் மடிக்கணினியில், 64-பிட் லினக்ஸில், சோதித்துப் பார்க்கும் வழக்கமுடையவர். அங்கு லாங் 64 பிட்; எடையோ இன்னும் 32 பிட்டே. எச்சரிக்கை இடம் மாறி மறுபடியும் தோன்றிற்று. அத்தகைய கணினியில் இது பெரும்பாலும் சரியாகவே அச்சாகும் என்பது உண்மை. பெரும்பாலும் என்பதைக் கூலிக் கணக்கில் நாம் ஏற்பதில்லை.

மூன்றாவது திருத்தத்தில் %எல்யூவை வைத்துக்கொண்டு, எடையை லாங் அளவுக்கு மாற்றித் தந்திருந்தார். ‘முதலில் மாற்றம் கூடாது என்றீர்கள், இப்போது ஏற்கிறீர்களே’ என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. மாற்றம் என்பது ஒன்றன்று, இரண்டு வகை. பெரிய பாத்திரத்திலிருந்து சிறிய பாத்திரத்தில் ஊற்றினால் வழிந்து போகும். சிறியதிலிருந்து பெரியதில் ஊற்றினால் ஒரு துளியும் சிந்தாது. லாங் எந்த இயந்திரத்திலும் 32 பிட்டுக்குக் குறையாது என்று மொழியின் இலக்கணமே உறுதி கூறுகிறது. ஆகவே மேல்நோக்கிய இம்மாற்றம் எங்கும் பாதுகாப்பானது. 1999-ஆம் ஆண்டின் சி இலக்கணம், 32 பிட் எண்ணுக்கு எந்த இயந்திரத்தில் எந்தக் குறி பொருந்துமோ அதனைத் தானே இட்டுக்கொள்ளும் சொற்களையும் தந்திருக்கிறது. அவற்றைப் பயன்படுத்துவதே நூன்முறை. ஆனால் சரத்தின் நடுவே மேற்கோள் குறியை மூடி, அச்சொல்லை இட்டு, மறுபடி திறந்து எழுதும் அக்கோலம் நம் கண்ணுக்கு அழகாக இல்லை, படிப்பவர் தடுமாறுவர். மாற்றத்தையே ஒப்பினோம். ஒப்புமுன் 65,535 அலகும் 65,536 அலகும் கொடுத்து அச்சிட்டுக் காட்டச் சொன்னோம். எல்லையின் இருபுறமும் நின்று பாராத சோதனையில் நமக்கு நம்பிக்கை இல்லை.

அதே கட்டில் இன்னொரு திருத்தமும் இருந்தது. பார்வைக்கு மிகச் சிறியது. எடை உணர்த்தும் உறுப்பு, கம்பி கழன்றால் -1 என்று விடை தரும். அவ்விடையை ஓரிடத்தில் %யூ என்று அச்சிட்டிருந்தார்கள். கூட்டல் கழித்தல் பொருந்தாமையைக் காட்டும் தெரிவை ஜிசிசியில் தனியே கேட்டால்தான் எச்சரிக்கை வரும். வாலிபர் ஊக்கத்தோடு அதனையும் கேட்டிருந்தார். வந்த எச்சரிக்கையைப் போக்க அவர் சரத்தை மாற்றவில்லை, மாறியின் வகையைக் கழித்தல் இல்லாததாக மாற்றினார். எச்சரிக்கை ஒழிந்தது. ஆனால் ஆறு வரிக்குக் கீழே, விடை பூச்சியத்துக்குக் குறைவாயின் எடையைக் கூட்டாதே என்று ஒரு காவல் இருந்தது. கழித்தல் இல்லாத எண் பூச்சியத்துக்குக் குறைவது எங்ஙனம்? காவற்காரன் உறங்கிவிட்டான். -1 என்பது அச்சில்லில் 65,535 ஆகும். கம்பி ஒருமுறை கழன்றால் மேடையில் நிற்பவர் கணக்கில் 655 கிலோ ஏறும். தொழிலாளிக்கு இலாபந்தானே என்று நகைக்கலாம். மாதக் கடைசியில் கணக்குப் பொருந்தாதபோது திருட்டுப் பட்டம் யார் தலையில் விழும் என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர் அறிவர். இங்கு பொய் சொன்னது சரம், தண்டிக்கப்பட்டதோ மாறி. %டி என்று ஓர் எழுத்தை மாற்றினால் போதுமானது.

லினக்ஸ் உட்கருவில் பல செயற்கூறுகள் தவறு நேர்ந்தால் கழித்தல் எண்ணையே விடையாகத் தருகின்றன. ஆகவே அங்கும் இவ்வகைத் திருத்தத்தைப் பார்ப்பவர், திருத்திய வரியை மட்டுமன்றி, அம்மாறி பிறந்த இடம் முதல் முடியும் இடம் வரை படித்தாக வேண்டும். வேற்றுமை காட்டும் தாளில் தெரிவது மூன்று வரி. தெரியாமல் இருப்பது முப்பது வரி. அவ்வுட்கருவிலேயே நினைவகத்தின் முகவரியைக் குறிக்கும் வகையொன்று, அமைப்பைப் பொறுத்து 32 பிட்டாகவோ 64 பிட்டாகவோ இருக்கும். எந்தக் குறியிட்டாலும் ஓரிடத்தில் தவறாகும். ஆகவே அதற்கென்று தனிக் குறி ஒன்றை வகுத்து, மதிப்பைத் தராமல் மதிப்பு இருக்கும் இடத்தைத் தரும்படி செய்துவிட்டார்கள்.

பெரிய அளவில் இவ்வேலை நடந்ததற்கு ஓபன்பிஎஸ்டி என்னும் இயக்கமுறைமை நல்ல எடுத்துக்காட்டு. 1970-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து வினாடிகளை எண்ணி நேரத்தைக் குறிப்பது யுனிக்ஸ் மரபு. 32 பிட்டில் அவ்வெண்ணிக்கை 2038 ஜனவரி 19-ஆம் நாள், மலேசிய நேரப்படி முற்பகல் 11 மணி 14 நிமிடம் 7 வினாடியோடு நிரம்பிவிடும். 2014 மே மாதத்தில் வெளிவந்த 5.5 பதிப்பில், ஓபன்பிஎஸ்டியினர் தாம் ஆதரிக்கும் எல்லா இயந்திரங்களிலும் நேரத்தை 64 பிட்டாக்கினர். வகையை மாற்றுவது ஒரு வரி வேலை. நேரத்தை அச்சிடும் ஒவ்வொரு வரியையும் தேடிப்பிடித்துத் திருத்துவதே உண்மையான வேலை. அவர்கள் கைக்கொண்ட முறை, நேரத்தை ‘லாங் லாங்’ என்னும் 64 பிட் அளவுக்கு மாற்றி, அதற்குரிய குறியோடு அச்சிடுவது. மேல்நோக்கிய மாற்றமே! அவ்வரிகளில் ஒன்றை எவரேனும் இன்ட் என்று மாற்றி எச்சரிக்கையை அடக்கியிருந்தால், 2038 வரை அது ஒழுங்காகவே அச்சிட்டுக்கொண்டிருக்கும்.

சரத்தை மாற்றுவதால் மற்றொரு வகைத் தொல்லையும் வரும். அச்சிடும் வரியை மனிதர் மட்டும் படிப்பதில்லை. வேறு நிரல்களும் படிக்கும். பதினாறின் அடுக்கில் எழுதிய எண்ணைப் பத்தின் அடுக்கில் எழுதினாலோ, நடுவில் ஓர் இடைவெளியைக் கூட்டினாலோ, அவ்வரியை எதிர்பார்த்திருந்த நிரல் தடுமாறும். நம் கருவியிலும் அலுவலகத்துக் கணக்கு நிரல் ஐந்து இலக்கத்தை எதிர்பார்த்ததா, ஆறு இலக்கத்தையும் ஏற்குமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டோம். நல்வினையாக அது ஏற்கும்.

இதுவரை கூறியவற்றில் சரத்தை எழுதியவன் நிரலை எழுதியவனே. சரத்தையே அயலான் எழுத இடங்கொடுத்துவிட்டால் தொல்லை வேறு வகையினதாகும். ஒருவர் தந்த பெயரை %எஸ் என்னும் சரத்தின் வழியாக அச்சிடாமல், அப்பெயரையே சரமாகக் கொடுத்துவிடுவதுண்டு. அச்சில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். பெயருக்குள் சதவீதக் குறிகள் இருந்தாலோ, கொடுக்கப்படாத மதிப்புகளைத் தேடிப் பிரிண்ட்எஃப் நினைவகத்தைத் துழாவும். %என் என்னும் குறி இன்னும் பொல்லாதது. அச்சிடுவதற்குப் பதிலாக, இதுவரை எத்தனை எழுத்து அச்சாயிற்று என்பதை நினைவகத்தில் எழுதிவிடும். 2000-ஆம் ஆண்டில் கோப்புப் பரிமாற்றத்துக்கான டபிள்யூயூ-எஃப்டிபிடி என்னும் நிரலில் இவ்வழியே தொலைவிலிருந்து புகுந்து ஆட்சியைக் கைப்பற்றக்கூடும் என்பது வெளிப்பட்டது. 2012-இல் ‘சூடோ’ என்னும் நிரலில் இதே வகைக் குறை காணப்பட்டது. 2021 ஜூன் மாதத்தில், சதவீதக் குறிகள் நிறைந்த பெயருடைய வைஃபை ஒன்றில் இணைந்த ஐபோனின் வைஃபை வசதியே முடங்கிப்போனது செய்தியாயிற்று. இவ்வகைக் குறைக்குத் திருத்தம் மிகச் சிறிது: பெயருக்கு முன்னால் %எஸ் என்று ஒரு சரம்.

எடைச் சீட்டின் கீழ்ப்பகுதியில் வெட்டுக்காரரின் பெயரை அச்சிடும் வரியிலும் இக்குறை இருக்கிறது. பெயர் அலுவலகத்தில் பதிவாவதால் எந்நாளும் கேடு வாராது என்பது கருவியைப் பொருத்தியவரின் வாதம். கம்பைலரும் அவ்வரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதற்குரிய தெரிவை எவரும் கேட்காமையால். வாலிபரிடம் தெரிவையும் கேட்டு, வரியையும் மாற்றி அனுப்பச் சொல்லியிருக்கிறோம். உணர்த்தும் உறுப்பின் திருத்தம் நேற்று வந்து சேர்ந்தது. இது இன்னும் வரவில்லை.